ஒரே உயரத்தில் பீன்ஸ்

குன்வோரின் வகுப்பில் எந்தப் பரிசோதனையும் தோற்றதே இல்லை. இந்தப் பெருமை உலகத்தில் வேறு எந்த விஞ்ஞானிக்கும் கிடையாது. மிதக்க வேண்டியது மிதந்தது. மூழ்க வேண்டியது மூழ்கியது. மூழ்க மறுத்த ஒரு சட்டைப் பொத்தானை அவள் சுண்டுவிரலால் அழுத்தி மூழ்கடித்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆவெஸ்டா என்ற ஊரில், அவள் ஆசிரியையாக இருக்கும் அதே பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுப்பவன் நான். என் வகுப்பில் பிள்ளைகள் வெண்ணெய் தடவும் கத்தி செதுக்குவார்கள். கோணலாகச் செதுக்கினால் அது கோணலாகத்தான் வீட்டுக்குப் போகும். அந்தக் கோணல் கத்தியை வைத்துக்கொண்டு அவர்கள் அம்மாக்கள் வருடக்கணக்கில் ரொட்டியோடு மல்லுக்கட்டுவார்கள். குன்வோருக்கு இது பெரிய கொடுமையாகப் பட்டது.

"பிள்ளை மனசு ஒடிஞ்சுடாதா ஹால்வார்?"

"மனசு ஒடியாது. கத்திதான் ஒடியும். இன்னொண்ணு செதுக்கட்டும்."

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவளாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். புத்தகத்தை மூடி வை, கையால் தொட்டுப் பார் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் எங்கள் பள்ளியில் அவள்தான். ஆனால் தொட்டுப் பார்த்த எல்லாருக்கும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வராமல் போனால், குன்வோருக்கு அன்று காபி இறங்காது.

அந்த ஜனவரியில் பீன்ஸ் முளைக்க வைத்தார்கள். பால் அட்டைப்பெட்டியைப் பாதியாக வெட்டி, மண் போட்டு, ஆளுக்கு ஒரு விதை. எல்லாப் பெட்டியும் ஜன்னலோரம்; எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு பெட்டி மட்டும் தண்ணீர் இல்லாமல் இருட்டு அலமாரிக்குள். சீட்டுக் குலுக்கியதில் அது ஹெட்டாவுக்கு விழுந்தது. ஹெட்டாவுக்கு எட்டு வயது; முன்பல் இல்லை; அழுது யாரும் பார்த்ததில்லை. தன் பெட்டிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் உள்ளே போய்விடக் கூடாதென்று இடைவேளையில்கூட அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிட்டுப் போன கையுறையை எடுக்க நான் பள்ளிக்குப் போனேன். குன்வோர் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தனியாக முளைக்க வைத்த பீன்ஸ் செடிகள் ஒரு தட்டு நிறையப் பக்கத்தில் இருந்தன.

"என்ன பண்றே?"

"பாதி முளைக்கவே இல்ல. மாத்தி வெக்கிறேன். அந்த எல்வின் பயலோடது என்னடான்னா மானாவாரியா வளர்ந்து நிக்குது. அதைக் கொஞ்சம் மண்ணுக்குள்ள அழுத்தி மட்டம் பண்ணணும்."

சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து, ஹெட்டாவின் பெட்டியிலும் ஒரு செடியை நட்டு, மேலே காய்ந்த மண்ணைத் தூவினாள். என்ன நேர்த்தி!

"அம்மா தாயே, அது முளைக்கக் கூடாது! அதுக்குத்தானே அலமாரியில வெச்சே?"

"எல்லார் பெட்டியிலயும் செடி இருக்கும், இவளோடதுல மட்டும் வெறும் மண்ணு. அந்தக் குழந்தை முகத்தை என்னால பாக்க முடியாது."

மறுநாள் அலமாரியைத் திறந்தார்கள். வகுப்பே கைதட்டியது. ஹெட்டா மட்டும் தட்டவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள்.

"மண்ணு காஞ்சுதான் இருக்கு. இருட்டுலதான் இருந்துச்சு. அப்புறம் எப்படிப் பச்சையா இருக்கு?"

"ஒவ்வொருத்தர் முடிவும் ஒரு நல்ல முடிவுதான் கண்ணு," என்றாள் குன்வோர்.

கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தாள். அவர்களும் அப்படியே பெரிய தாளில் எழுதிவிட்டார்கள்: பீன்ஸ் முளைக்கத் தண்ணீர் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். குன்வோர் அதைச் சுவரில் மாட்டி, மூலையில் ஒரு தங்க நட்சத்திரமும் ஒட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியர் அறையில் ஏலக்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"உண்மையைச் சொல்லிடேன்?"

"பெரிய வகுப்புக்குப் போனா தானா தெரிஞ்சுக்குவாங்க."

"அதுவரைக்கும் அவங்க வீட்டுச் செடியெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குன்வோர் தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஜெரேனியம். நான்கு வருடங்களாகச் சின்னத் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி, வெள்ளை இதழில் பச்சைக் கரை போட்ட ஒரு புது வகையை உண்டாக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முறை கிடைத்த விதைகளில் அது கட்டாயம் வரும் என்று அடித்துச் சொன்னாள். ஜூனில் வெஸ்தெரோஸ் மலர்க் கண்காட்சியில் வைக்க வேண்டும். அதற்குத் தன் பெயரையே சூட்ட வேண்டும். பிப்ரவரியில் நாற்றுகள் அவள் வீட்டு ஜன்னலில், அறையைச் சூடேற்றும் வெந்நீர்க் கணப்புக்கு மேலே, விரல் உயரத்துக்கு நின்றன. விதை ஒன்றுகூட மிச்சமில்லை.

பனிச்சறுக்கு விடுமுறை வந்தது. குன்வோர் ஒரு வாரம் செலென் மலைக்குப் போனாள். ஹெட்டாவின் வீடு பக்கத்து வீடுதான்; அவளிடம் சாவியைக் கொடுத்து, தினமும் நாற்றுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து என்னிடம் ஓடி வந்தாள். "ஒரு இலைகூட வாடலை ஹால்வார்! இன்னும் கொழுகொழுன்னு ஆயிருக்கு. அந்தப் பொண்ணுக்கு என்ன பொறுப்பு!"

ஏப்ரலில் இன்னொரு சேதி வந்தது. "ஒண்ணு மட்டும் நோஞ்சானா, குட்டையா நின்னு வரிசையையே கெடுத்துச்சு. எடுத்துட்டேன். இப்போ எல்லாம் ஒரே மட்டமா, பாக்கவே அழகா இருக்கு."

கண்காட்சி நாள் காலையில் தொட்டிகளை ஏற்றிப்போக என் காரோடு போனேன். குன்வோர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஜெரேனியம் பூத்திருந்தது. சிவப்பு. கடை வாசலில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்பார்களே, அதே சிவப்பு.

"முந்தா நாள் ஒண்ணு விரிஞ்சுது. அது ஒண்ணுதான் அப்படின்னு நெனச்சேன்," என்றாள். "எல்லாமே இப்படித்தான் ஹால்வார். நாலு வருஷம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஹெட்டாவும் அவள் அப்பா ஸ்டெல்லானும் நின்றிருந்தார்கள். ஸ்டெல்லானின் முகம் அந்தப் பூவை விடச் சிவந்திருந்தது.

"அது உங்க செடி இல்ல குன்வோர்," என்றாள் ஹெட்டா. "உங்களோடது செத்துப்போச்சு. அப்பா கடையில வாங்கி மாத்தி வெச்சுட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"இவ தண்ணியே ஊத்தலைங்க," என்றான் ஸ்டெல்லான். "கேட்டா, பள்ளிக்கூடத்துல கண்டுபிடிச்சது நெஜமான்னு இன்னொரு தடவை பாத்தேங்கறா. நீங்க வந்து வெறும் மண்ணைப் பாத்தா மனசு ஒடிஞ்சுடுமேன்னுதான்…"

குன்வோர் படியிலிருந்து எழுந்தாள். இத்தனை வருடங்களாக மனசு ஒடிஞ்சுடும் என்ற அந்த வார்த்தையை அவள் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"செடிக்குத் தண்ணி வேணும். நல்லாத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் ஹெட்டா. "அப்போ என் பீன்ஸ் எப்படி முளைச்சுது?"

குன்வோர் என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

"நான்தான் மாத்தி வெச்சேன்," என்றாள் கடைசியில்.

"நெனச்சேன்," என்றாள் ஹெட்டா. கோபப்படவில்லை. ஒரு கணக்குக்கு விடை வந்ததைப் போல் தலையாட்டிக்கொண்டாள். பிறகு வேலி மேல் எக்கி, தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு உங்களோடதுதான். ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? அதுக்கு மட்டும் தினமும் தண்ணி ஊத்தினேன். அதை அப்பா மாத்தவே இல்ல. எங்க அது?"

குன்வோர் மெல்லத் திரும்பி, தோட்டத்து மூலையில் இருந்த உரக்குழியைப் பார்த்தாள்.

"அது குட்டையா இருந்துச்சு," என்றாள்.