செல்லம்மாளுக்கு யாருமில்லை என்று எழுதிய கதை

சேரப்பணஞ்சேரிக்கு நான்தான் தலையாரி. பேரு கோதண்டம். வி.ஏ.ஓ. ஆபீஸ் சாவி, தாலுகா ஆபீசுக்குக் காயிதம் தூக்கினு போறது, எல்லாம் என் தலையிலதான். ஊர்ல யாரு கஞ்சிக்கு இல்லாம கீறாங்கன்னு சர்க்காருக்கு சொல்றதும் நான்தான். அந்த வேலையில என் மானத்த வாங்கின ஒரே ஆளு செல்லம்மாக்கா.

வல்லக்கோட்டையிலேர்ந்து பதினாறு வயசுல வாக்கப்பட்டு வந்துச்சு. புருஷன் ஏர் ஓட்டறவரு, பத்து வருஷத்துல போய் சேர்ந்துட்டாரு. புள்ளைக்குட்டி இல்ல. அப்புறம் நாப்பது வருஷம் பொம்பளைங்களச் சேர்த்துகினு நடவுக்குப் போச்சு. ஒருதபா கூலியக் கொறைச்ச மேஸ்திரி தலையில ஈர நாத்துக்கட்டு ஒண்ணத் தூக்கி வெச்சுட்டு, "நீயே நட்டுக்கோ"ன்னு கரையேறி வந்துடுச்சு. அவ்ளோ வீம்பு. யார் வூட்டுக்கும் வெறுங்கையோட போவாது. ஒண்ணுமில்லன்னா ஒரு கைப்பிடி முருங்கக்கீரையாச்சும் இருக்கும். அது வூட்டுக்கு யாரு வந்தாலும் சாப்புடாம வாசப்படி தாண்ட முடியாது.

தொண்ணூத்தியொண்ணுல முட்டி வீங்கிப் போச்சு. வயல்ல எறங்க முடியல. எதிர்வூட்டு ரத்னா கொழம்பு குடுத்தா, "ஆச்சு ரத்னா, இப்பதான் சாப்ட்டேன்"னு சொல்லும். ஒருநாள் நான் பானையத் தொறந்து பாத்தேன். வெறும் பானை. அன்னைக்கே முதியோர் பணத்துக்கு மனு எழுதி, பெருவிரல் ரேகை வாங்கி, தாலுகாவுக்குத் தூக்கினு போனேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., ரகுபதி சார் விசாரணைக்கு வரணும். நெஜமாவே ஆதரவில்லாதவங்களான்னு நேர்ல பாத்து எழுதறது அவரு வேலை. "நாளைக்கு சார் வராரு"ன்னு அக்கா கிட்ட முன்கூட்டியே சொன்னேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

மறுநாள் போய்ப் பாத்தா, பக்கத்து வூட்டு கோபாலோட நாற்காலி நடுவூட்ல கீது. ரத்னாவோட கல்யாணப் பட்டுப்பொடவைய அக்கா கட்டிகினு நிக்குது. அடுப்புல கோழி கொதிக்குது, அதுவும் ரத்னா கோழிதான். ஆர்.ஐ. கண்ணு அந்தப் பொடவ மேலயே நின்னுச்சு. நான் பின்னாடி நின்னு கை கையா ஜாடை காட்டறேன், அக்கா திரும்பவே இல்ல. எலையப் போட்டுச்சு. சார் வயிறாரச் சாப்ட்டாரு.

"சாப்பாட்டுக்குக் கஷ்டமாம்மா?"

"நமக்கு இன்னா சார் கொறைச்சல், இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கோங்க."

'மனுதாரர் வசதியாக உள்ளார்' னு எழுதிட்டாரு. அந்தக் காயிதத்த நானே தாலுகாவுக்கு எடுத்துகினு போனேன், பாருங்க என் கெரகத்த. திரும்பி வந்து கத்தினேன். அக்கா அசரல. "கறி நல்லா இருந்துச்சுன்னு எழுதினாரா, அத சொல்லு மொதல்ல"ன்னு கேட்டுச்சு.

ஆனா ஐப்பசி மழையில கூரை ஒழுகி, ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்து, அக்காவே என்னக் கூப்ட்டு, "இன்னொரு மனு போடு கோதண்டம்"னு சொல்லுச்சு. அந்தக் கொரல நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

இந்தத் தபா நான் வுடுவேனா? ஆர்.ஐ. வர்ற அன்னைக்குக் காலையில பாயக்கூட சுருட்டி எடுத்துட்டேன். "யாருமில்ல சார்னு மட்டும் சொல்லு, வேற வாயத் தொறக்காதே"ன்னு பத்து தபா சொல்லிக் குடுத்தேன். சார் ஜீப் வந்ததும் தெருவே கூடிடுச்சு.

"புள்ளைங்க?"

"இல்ல சார்."

"பாத்துக்கறதுக்கு யாராச்சும்?"

அக்கா தலையக் குனிஞ்சுகினு, "யாருமில்ல சார்"னுச்சு.

அவ்ளோதான், ரத்னா பாஞ்சா. "யாருமில்லியா? இத்தினி நாள் கொழம்பு குடுத்தவ யாராம்? நாங்கள்லாம் செத்தா பூட்டோம்?" கோபால் சும்மா இருப்பானா, "அன்னைக்கு என் நாற்காலியில சாரக் குந்த வெச்சியே, அது இன்னா"ன்னான். ஆளாளுக்கு, நான் இல்லியா, நான் இல்லியான்னு ஒரே சண்டை. என் பொழப்பு மறுபடியும் போச்சுன்னு நெனச்சேன்.

ஆர்.ஐ. பொறுமையா எல்லாத்தையும் கேட்டாரு. அப்புறம் ஒரு வெள்ளைத்தாள எடுத்தாரு. "நல்லதாப் போச்சு. கடைசி வரைக்கும் இந்தம்மாவ நான் பாத்துக்கறேன்னு எழுதறேன். யாரு கையெழுத்து போடறீங்க?"

ரத்னாவுக்கு அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்துடுச்சு. கோபால் மாடு அவுத்துகிச்சான்னு பாக்கப் போனான். சார் கடைசியா என்னப் பாத்தாரு. நான் ஜீப்பு டயரப் பாத்தேன். அக்கா மட்டும் எங்க எல்லாரையும் ஒருதரம் பாத்துச்சு.

'ஆதரவற்றவர். பரிந்துரைக்கப்படுகிறது' னு எழுதி மடிச்சு, என் கையில குடுத்துட்டு சார் போயிட்டாரு.

தை மாசம் தபால்காரர் மொத மணியார்டர் கொண்டாந்தாரு. அன்னைக்கே அக்கா காலை இழுத்துகினு வூடு வூடாப் போயி, "யாருமில்லாதவ வூட்ல இன்னைக்குக் கோழி, வந்துடுங்க"ன்னு கூப்புட்டுச்சு. வரலன்னு சொல்ல எந்த மூஞ்சி கீது எங்களுக்கு? எல்லாரும் போனோம். ரத்னா எலையிலதான் மொத துண்டு வுழுந்துச்சு. அவ அழுதுகினே தின்னா.

நான் போதும்னு கைய மறைச்சேன். அக்கா என் கைய ஒதுக்கிட்டு மேல ஒரு கரண்டி கொழம்பு ஊத்துச்சு.

"சாப்புடு கோதண்டம். நான் கையெழுத்து ஒண்ணும் கேக்க மாட்டேன்."