பின்சீட்டுக் கனம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது யாரோ யாருக்கோ சொல்லி, காது மூக்கு வைத்து வந்த கதை இல்லை. இது யாருக்கு நடந்ததோ அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். நடந்ததை முழுவதும் சொல்லி முடித்தபோது அவள் அழுதாள். பயத்தில் இல்லை, வெட்கத்தில்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, பவர் பார்ப்பாள். கடை ஊருக்கு நட்டநடுவே. ஐந்து பேர் உட்காரும் காரில் அவள் ஒருத்தியாகப் போய் ஒருத்தியாக வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காரை நிறுத்த இடம் தேடித் தேடி, வந்த வழியே பாதித் தூரம் திரும்பிப் போய் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். காரை விற்றாள். சின்ன மின்சார வண்டி ஒன்று வாங்கினாள்.

நான்கு சக்கரம், இரண்டு சீட்டு. அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒன்றன் பின் ஒன்று. பின்னால் உட்காருகிறவர் முன்சீட்டின் இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். எடை என்று ஒன்றும் கிடையாது. இடுக்கில் நிறுத்த வேண்டுமானால் பின்பக்கத்தைக் கையால் தூக்கி ஒதுக்கிவிடலாம். ராத்திரி வீட்டுப் பிளக்கில் செருகிவிட்டால் காலையில் தயார்.

அவள் கணவர் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"மீதி வண்டி எப்ப வரும்?" என்றார்.

கடையில் லென்ஸ் வெட்டுகிறவர் அதற்கு 'சோப்பு டப்பா' என்று பேர் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் உள்ளே சுருக்கென்றது. சிக்னலில் பெரிய கார்களுக்கு நடுவே நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றிருக்கும்.

சிரிக்காத ஒரே ஆள் பில் போடும் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். பருத்த உடம்பு. முட்டி வலியோடு தினமும் பஸ்ஸில் நசுங்கி வருகிறவர். "எனக்கு இதுல இடம் இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது. அக்கா வீடு வழியில்தான். அன்றிலிருந்து காலையும் மாலையும் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் அக்காவின் செருப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அக்கா பின்னாலிருந்து பேசிக்கொண்டே வருவார். வண்டியில் எஞ்சின் சத்தம் இல்லாததால் மெதுவாகப் பேசினாலே கேட்கும்.

மழைக்காலம் வந்தது. அப்போதுதான் சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லாமல் போக ஆரம்பித்தது.

முதலில் சார்ஜ். காலையில் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பினால், மாலை வீடு சேரும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அது கால்வாசி ஆனது. பிறகு அதற்கும் கீழே. மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி திணறியது. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்க ஸ்பிரிங் 'கிறீச்' என்றது.

அக்காவும் மாறியிருந்தார். பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஒருநாள் மேம்பாலத்தில் வண்டி படுத்தேவிட்டது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஒருவன் கண்ணாடியை இறக்கி, "பொம்மைய வச்சுக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அவமானத்தில் காது சிவந்தது.

மறுநாள் கடை மூடும் நேரம். அக்கா அவள் அறைக்கு வந்து நின்றார். வாசலில் லென்ஸ் வெட்டுகிறவரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டியைப் பத்தி..."

அவள் முந்திக்கொண்டாள். முந்தின நாள் ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"நானே சொல்லலாம்னு இருந்தேன் அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. அது சின்ன வண்டி. உங்க வெயிட்டைத் தாங்கல. அதான் சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது."

லென்ஸ் வெட்டுகிறவர் களுக்கென்று சிரித்தார். மற்ற இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை.

"சரிம்மா," என்றார். "பாத்துப் போ." பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அந்த மாதமே வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா போன பிறகும் சார்ஜ் நிற்கவில்லை.

அவள் ஒருத்திதான் ஓட்டினாள். பின்சீட்டு காலி. அப்படியும் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அது அக்காவின் எடை இல்லை என்று. நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போன் செய்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைப்பாள். எந்த முகத்தோடு கேட்பது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு மத்தியானம் லீவு போட்டு வண்டியை சர்வீசுக்குக் கொண்டுபோனாள். மெக்கானிக் பேட்டரியைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். எதிலும் குறை இல்லை.

"பின்னாடி ஏதாவது லோடு வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லையே."

அவர் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். சுலபமாக எழும்பியது. "சரியாத்தானே இருக்கு," என்று கீழே வைத்தார்.

வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

இரண்டு விநாடி கழித்து, வண்டியின் பின்பக்கம் தானாக இறங்கியது. 'கிறீச்...' யாரோ ஏறி உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ, அப்படி.

மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"வண்டியில ஒண்ணும் ரிப்பேர் இல்லம்மா. எடுத்துட்டுப் போங்க."

"எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

அன்று மாலை ஆறரை மணி இருக்கும். தூறல். அலுவலகங்கள் விட்ட நேரம், ரோடு நிறையக் கார்கள். அவள் அந்தக் கார்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. வைப்பர் மட்டும். டக்... டக்...

பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னலை எதேச்சையாகப் பார்த்தாள். உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஆவி படிந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. வாய் வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி. ஆனால் பெரியவர்கள் வாய் இருக்கும் உயரத்தில் இல்லை. ரொம்பக் கீழே.

கையைப் பின்னால் நீட்டித் துடைத்தாள்.

அடுத்த சிக்னலில் பார்த்தாள். மறுபடி படிந்திருந்தது.

இடுப்புக்கு இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். கால் எதுவும் இல்லை. மூச்சை விட்டாள்.

அப்போது அவள் சீட்டின் முதுகில் ஏதோ அழுந்தியது.

இரண்டு இடத்தில். சின்னதாக.

முட்டிகள்.

நீட்டினாலும் முன்னால் எட்டாத கால்கள்...

வைப்பர். டக்... டக்...

பிடரியில் முடி விலகியது.

குளிர்ச்சியாக ஒரு விரல்.

இன்னொரு விரல்...

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினாள். நடு ரோட்டில், பச்சை விளக்கு எரியும்போது, கதவைத் திறந்துபோட்டு ஓடினாள். நடைபாதையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். கார்கள் ஹாரன் அடித்தன. வண்டிக்கு நேர் பின்னால் பார்சல் கொண்டுபோகும் ஒருவர் பைக்கில் நின்றிருந்தார். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, குழந்தைய உள்ள விட்டுட்டு இப்படி ஓடறீங்களே, நீங்கல்லாம் ஒரு தாயா?"

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்கூட யாரும் வரல," என்று சொல்லப் பார்த்தாள். பைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பழம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்து, "பெத்தா மட்டும் போதுமா," என்றார்.

பிள்ளை பெறாதவள் அவள். அந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

போக்குவரத்துக் காவலர் வந்து அதட்டினார். இருவருமாக வெளியிலிருந்தே வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஒரு கையால் தள்ள வேண்டிய வண்டி. அவருக்கே மூச்சு வாங்கியது. அவள் உள்ளே பார்க்கவே இல்லை. கதவைச் சாத்தாமலே பஸ் ஏறினாள்.

மறுநாள் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அக்கா ஆச்சரியப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் முந்தின நாள் நடந்த எதையும் சொல்லவில்லை. சொல்ல வந்தது மன்னிப்பு மட்டும்தான்.

"நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அக்கா. அது உங்க வெயிட் இல்ல."

"எனக்குத் தெரியும்மா," என்றார் அக்கா. "பாதிதான் என்னோடது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மழை ஆரம்பிச்ச அன்னிக்கு சிக்னல்ல நின்னோம். பின்னாடி கதவு தானா திறந்து மூடிச்சு. நீ காத்துன்னு சொன்னே. அப்பவே ஏறிடுச்சு. எம் மடியில வந்து உக்காந்துக்கிச்சு. கண்ணுக்குத் தெரியல. கனம் மட்டும்தான். நாலு வயசுப் பிள்ளைய மடியில வச்சா எப்படி இருக்கும், அப்படி."

"சொல்லியிருக்கலாமேக்கா..."

"எப்படிச் சொல்றது? நீ ஓட்டிக்கிட்டிருக்கே. பயந்து எங்கயாவது இடிச்சுட்டா? மடி இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். ஆனா அப்பப்ப உன் கழுத்தைக் கட்டிக்க எட்டும். அதான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே வருவேன். தினமும்."

அவள் கை தானாகப் பிடரிக்குப் போனது.

"நாளாக நாளாக அது ரொம்ப முண்டுச்சு. எனக்குப் புடிக்க முடியல. சரி, இனிமே சொல்லிடணும்னு நெனச்சுத்தான் அன்னிக்கு உன் ரூமுக்கு வந்தேன்," என்றார் அக்கா. "நீ முந்திக்கிட்டே."

அவள் அந்த வீட்டில் அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவில்லை. அக்கா டீ கொடுத்தார். குடித்தாள். "விடும்மா," என்று அக்கா முதுகைத் தடவினார். அது அறை வாங்கினதைவிட மோசமாக இருந்தது என்று அவள் சொன்னாள்.

வண்டியை விற்ற கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். எடுத்துப்போக வந்த ஆள் பின்பக்கத்தை ஒரே கையால் தூக்கி லாரியில் ஏற்றினார். "காகிதம் மாதிரி இருக்கு மேடம், இதையா கனம்னு சொன்னீங்க?" என்று சிரித்தார். அதற்குள் இப்போது ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்துபோட்டு வந்தவள் அவள்தானே. அது எங்கே இறங்கியது, யார் பின்னால் போனது, எதுவும் தெரியவில்லை. அது முதலில் ஏறிய சிக்னல் பக்கம் விசாரித்துப் பார்த்தாள். அங்கே எந்தக் குழந்தைக்கும் எதுவும் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது பஸ்ஸில் போகிறாள். எத்தனை சீட்டு காலியாக இருந்தாலும், கால் எவ்வளவு வலித்தாலும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டேதான் போகிறாள்.

உட்கார்ந்தால் மடி இருக்கும்.