சுத்தியல் படமுன் எழும்பின கால்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு கராத்தே வகுப்பு ஹோலைக் கூட்டித் துடைக்கிறது நான்தான். திறப்பும் என்னிடம்தான். மாஸ்டரே வந்தாலும் நான் திறந்தால்தான் உள்ளே போகலாம்.

போன வருசம் கெம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி அளக்கிற பெட்டியும் வயருமாக வந்தாள். கால் களைத்துப்போனால் நரம்பு எவ்வளவு பிந்தி வேலை செய்யுது என்று பார்க்க வேண்டுமாம். முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. கால் தானாக உதறும். பிறகு நிற்க ஏலாத அளவுக்குக் குந்தி எழும்ப வைத்து, திரும்ப ஒரு தட்டு. பெட்டியை அன்றைக்குப் பின்னேரமே திருப்பிக் கொடுக்க வேணும். அதுக்குள்ளே சரிவராவிட்டால் அவளுடைய ஆறு மாத வேலை வீண்.

போட்டிக்குப் போகிற எங்கட பெடியன்கள் எட்டுப் பேர். மாஸ்டர் முன்னால் களைப்பு என்று யாரும் வாய் திறக்கிறதில்லை. திறந்தால் இன்னும் ஐம்பது தரம் குந்த வேணும். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதிரையில் விழுந்தவனும், "எனக்கு ஒண்டுமில்லை மிஸ்" என்றான். தட்டினால் கால் கதவை உதைக்கிற மாதிரிப் பறந்தது. எட்டுப் பேருக்கும் அப்படியே. பிள்ளை வயரைக் கழற்றினாள், மாட்டினாள். கண் கலங்கிவிட்டது.

நான் வாளியோடு பக்கத்தில்தான் நின்றனான்.

"பெட்டியில பிழையில்லை பிள்ளை. சுத்தியல் வர முந்தியே கால் எழும்புது."

"இல்லை ஆச்சி, அது தானா வாறது" என்றான் கதிரையில் இருந்த கறுப்பு பெல்ட்காரன்.

"அப்ப தட்டாமல் ஓங்கிக் காட்டுங்க பிள்ளை."

அவள் ஓங்கிப் பாதியில் நிறுத்தினாள். அவனுடைய கால் போய் என் வாளியைக் கவிழ்த்தது.

"தானா வந்த காலாம் மச்சான்" என்றது பின்னால் ஒரு குரல்.

நான் ஒரு துவாயை எடுத்து, கண் தெரியாமல் அவன் முகத்தில் போட்டேன்.

"துடைக்கிற துணியா ஆச்சி?"

"கழுவினதுதான். போன கிழமை."

எட்டுப் பேரையும் மாஸ்டர் திரும்பக் குந்த வைத்தார். இந்த முறை முகத்தில் துவாய் கிடந்ததால், சுத்தியல் எப்ப வரும் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. தட்டினால் கால் கொஞ்சம் யோசித்து, சோம்பலாக ஒரு அங்குலம் அசைந்தது. பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. பேனை ஓடின ஓட்டம்.

"ஆச்சியிட முழங்காலையும் ஒருக்காத் தட்டிப் பார்ப்பமா?" என்றார் மாஸ்டர்.

எனக்கென்ன பயம். ஜிந்துப்பிட்டியில் இருந்து தினம் நடந்து வாறவள் நான். கதிரையில் நிமிர்ந்து இருந்து, துவாயை நானே போட்டுக்கொண்டேன். காத்துக்கொண்டு இருந்தேன்.

"தட்டுங்க பிள்ளை, எவ்வளவு நேரம் இப்படி இருக்கிறது?"

"மூண்டு தரம் தட்டியாச்சு ஆச்சி."

துவாயை எடுத்தேன். எட்டுப் பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது கராத்தே ஆட்களைப் பற்றி மட்டும்தானே எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"ஓம் ஆச்சி" என்று பேனையை மூடினாள். நல்ல பிள்ளை. நாலு மணிக்கு முன்னமே பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.