சிவகாமசுந்தரியின் அம்மிக்கல்

அம்மியின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, கொஞ்சம் மஞ்சள் விழுதைத் தடவி, குழவியைச் சாய்த்து வைப்பாள் சிவகாமசுந்தரி. சிங்கப்பூர்த் தேக்காவின் பஃபலோ ரோட்டில் அவளுடைய மசாலாக் கடை வாசலில் காலை ஆறு மணிக்கு இது தவறாமல் நடக்கும். பிறகு முக்காலியில் ஏறி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்பாள்: "மீனா, கறியா? எத்தன பேருக்கு?" மிளகாய், மல்லி, சீரக விழுதுகளை ஆளுக்கு இவ்வளவென்று விரலால் வழித்து இலையில் வைப்பாள். தராசு கிடையாது.

ஆள் நாலரை அடிதான். பேச்சு அப்படியில்லை. "செம்பவாங்லேருந்து புக்கிட் மேரா வரைக்கும் எல்லா வீட்டுக் கொழம்பும் என் மசாலாவுல கொதிக்கணும்லா!" என்பாள். தேக்காவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களின் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் ஒருவர் மசாலா அரைக்க மின்சார மில் வைத்தார். இரும்பு வாடை அடிக்கிறது என்று ஒருத்தரும் போகவில்லை. மூன்றே மாதத்தில் கடையை மூடினார். அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களில் நானும் ஒருவன். சிவகாமசுந்தரியின் விழுதை முகர்ந்து பார்த்து, "இதுதாம்மா கல்லு மசாலா! என் நாக்கை எவனும் ஏமாத்த முடியாது" என்று பத்துப் பேர் முன்னால் பீற்றிக்கொள்வேன். அவள் தலை குனிந்தபடி இலையை மடிப்பாள்.

இந்தச் சீனப் புத்தாண்டன்று போனேன். பக்கத்துச் சீனத் தச்சர் பட்டறை அடைத்துக் கிடந்தது. நாளெல்லாம் காதைக் குடையும் அறுவை இயந்திரம் ஓடாததால் தெருவே நிம்மதியாக இருந்தது. சிவகாமசுந்தரி மட்டும் வியர்வை சொட்டச் சொட்ட அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் அரைத்து நான் பார்த்தே மாதக்கணக்கு ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

எதிரில் விருந்துச் சமையல்காரர் அப்துல் அஜீஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர்கள் வரிசை. முந்நூறு பேருக்கு நிக்காஹ் விருந்து; நேற்று அந்தியில்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன தங்கச்சி, முப்பது பேருக்குக்கூடத் தேறல! பத்து மணிக்குச் சட்டி அடுப்புல ஏறணும். முடியாதுன்னா சொல்லிடு, வேற எடம் பாக்குறேன்."

"போன மாசம் ஒரே காலையில இருநூறு பேருக்குக் குடுத்தியேம்மா?" என்றேன் நான், பெரிய மனுஷத்தனமாக.

அவள் அடைத்த பட்டறையைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். எழுந்து கடைக்குள் தொங்கிய சாக்குத் திரையை இழுத்துக் கீழே போட்டாள். பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் அரைவை இயந்திரம்!

"அண்ணே, எட்டு மாசமா நீங்க சாப்பிட்டது கல்லு மசாலா இல்ல. என் வளையல் பூரா வித்து இதுலதான் போட்டேன். தச்சர் மிஷின் ஓடுறப்ப இதையும் ஓட்டிக்குவேன். சத்தம் கேட்டா நீங்கல்லாம் ஓடிடுவீங்கன்னு பயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதம்! என்னையா! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். நேற்று அவள் மசாலாவில் வைத்த மீன் குழம்பை மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வரிசையில் நின்ற லட்சுமி, "ஐயோ, ஏமாத்திட்டியேடி!" என்று கூடையைத் தூக்கினாள். அஜீஸ் கடிகாரத்தைப் பார்த்தார், போகவில்லை.

இயந்திரத்தின் சுவிட்ச் சுவரில் உயரத்தில் இருந்தது. முக்காலி பக்கத்திலேயே கிடந்தது. சிவகாமசுந்தரி அதைத் தொடவில்லை. வாசலுக்கு வந்து, அம்மியை இரண்டு கையாலும் தரதரவென்று உள்ளே இழுத்துப் போய்ச் சுவிட்சுக்குக் கீழே போட்டாள். கல்யாணத்தன்று தவிர வேறெந்த நாளும் அம்மியில் கால் வைக்காத ஜனம் நாங்கள்.

"அடியே, அம்மிடீ!" என்று அலறினாள் லட்சுமி.

சிவகாமசுந்தரி வலது காலைத் தூக்கி அம்மியின் மேல் வைத்து, எம்பி, சுவிட்சைத் தட்டினாள்.