ஒயரை ஒளிக்கும் சின்னப்பா

“என் கை பட்ட வண்டியில ஒரு இஞ்சு ஒயர் வெளிய தெரிஞ்சா, அது சின்னப்பா வேலையே கெடையாது. எவனோ என் பேரைத் திருடிட்டான்னு போலீஸ்ல எழுதிக் குடு!”

இந்தப் பிரகடனம் வெளியானபோது சின்னப்பாவின் தலை ஒரு காரின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. வெளியே நின்ற வாடிக்கையாளருக்குத் தெரிந்தவை இரண்டு வெறும் பாதங்கள் மட்டுமே. அவரும் பாதங்களைப் பார்த்தே பயபக்தியுடன் தலையாட்டினார்.

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கும் டயர் கடைக்கும் நடுவே, ஒன்றரை ஆள் நிற்கக்கூடிய அளவில் இருக்கிறது சின்னப்பாவின் கார் அலங்காரக் கடை. சீட் உறை, ஸ்பீக்கர் எல்லாம் மாட்டுவார். ஆனால் சமீப வருஷங்களில் சோறு போடுவது டேஷ்கேம்தான்: முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் சாலையைப் படம் பிடிக்கும் சின்னக் கேமரா. இடித்தது எதிராளிதான் என்று நிரூபிக்க பெங்களூரில் எல்லோருக்கும் ஒன்று தேவைப்படுகிறது. இடித்தவர்களுக்கும் தேவைப்படுகிறது.

கேமராவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதன் ஒயரை மறைப்பதில்தான் சின்னப்பா மேதை. காதில் செருகியிருக்கும் ஐஸ்கிரீம் குச்சியை எடுத்து, கூரைத் துணியின் விளிம்புக்குள் ஒயரைத் திணிப்பார். அங்கிருந்து கண்ணாடி ஓரத்துத் தூணின் உறைக்குள் இறக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பாதாளப் பயணம், கடைசியில் சார்ஜர் துளை. ஸ்க்ரூடிரைவர் கிட்டேயே வரக்கூடாது. “பிளாஸ்டிக்குக்கு வலிக்கும் குரு” என்று எல்லோரிடமும் சொல்வார். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரை உள்ளே உட்காரவைத்து, “தேடுங்க. ஒயரைக் கண்டுபிடிச்சா பப்ஸ் என் செலவு” என்பார். பக்கத்துப் பேக்கரிக்கு இந்த வகையில் இதுவரை வியாபாரம் நடந்ததில்லை. மற்றவர்கள் மாட்டிய கார்களில் ஒயர் மாலைபோலத் தொங்குவதைப் பார்த்தால், வேட்டி அவிழ்ந்தவரைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நோய் வீடு வரை பரவியிருக்கிறது. டி.வி. ஒயர் சுவருக்குள், ஃபிரிட்ஜ் ஒயர் அலமாரிக்குள், மிக்ஸி ஒயர் எங்கே போகிறது என்பது கர்த்தருக்கும் சின்னப்பாவுக்கும் மட்டுமே தெரியும். “சட்னி அரைக்கணும்னா மொதல்ல இவருக்கு ஒரு போன் போடணும்” என்கிறார் மனைவி பிரிஸில்லா. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையில் நூல் தொங்கினால்கூட உள்ளே செருகிவிடுகிறவர். அதற்காக இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரின் கடைக்குத்தான் அன்று மூன்றாவது முறையாக வந்து நின்றார் பாமா. தொம்மலூரில் உள்ள ஓர் அலுவலகத்துக்குச் சொந்தக் காரை ஓட்டுகிறவர். சவாரி முடியும்வரை கேமரா அணையக்கூடாது என்பது அங்கே விதி. கேமரா ஓடினாலோ, காரின் டிஜிட்டல் ரேடியோ வாயை மூடிக்கொள்கிறது. பழைய ரேடியோவாக இருந்தால் கரகரவென்று முனகி, உடம்பு சரியில்லை என்று தெரியப்படுத்தியிருக்கும். டிஜிட்டல் ரேடியோ மானஸ்தன். பேசினால் மணிமணியாகப் பேசும். சிக்னல் கெட்டால் ஒரு வார்த்தை கிடையாது.

முதல் முறை சின்னப்பா மெட்ரோ தோண்டுகிறவர்களைக் குற்றம் சாட்டினார். இரண்டாம் முறை மேகங்களை.

“இன்னிக்கு யாரைச் சொல்லப் போறீங்கண்ணா, சந்திரனையா?” என்றார் பாமா. “சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு ரேடியோல நான் பேசுறேன். போன வாரமே ரெகார்டு பண்ணிட்டாங்க. பொம்பளை டாக்ஸி ஓட்டுறதைப் பத்தி, முழுசா பத்து நிமிஷம்! அந்த நேரம் வண்டியில நாலு பேர் இருப்பாங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்.”

“போன்லயே கேக்கலாமேம்மா?”

“போன்ல யார் வேணா பேசலாம். என் வண்டி ரேடியோல என் குரல் வரணும்.”

மணி மூன்றரை. சின்னப்பா கேமராவின் பிளக்கைப் பிடுங்கினார். ரேடியோ சில நொடி யோசித்துவிட்டு, கன்னடத்தில் தக்காளி விலை சொன்னது. செருகினார்: மௌனம். பிடுங்கினார்: வெங்காயம். செருகினார்: மௌனம்.

“அதாவது...” என்றார் சின்னப்பா.

“அதாவது?”

“தக்காளி ஏறியிருக்கு.”

சார்ஜரை மாற்றினார். இரைச்சலை அமுக்கும் கருப்பு உருளை ஒன்றை ஒயரில் மாட்டினார். ரேடியோ அரை வாக்கியம் பேசி நின்றது. வேறு வழியில்லாமல் தூணின் உறையை நெம்பித் திறந்தார். உள்ளே அவர் இறக்கிய கேமரா ஒயரும், கூரையிலிருந்து ரேடியோவுக்கு இறங்கும் ஏரியல் ஒயரும் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தன. கார் செய்தவனும் ஒயரை ஒளிப்பதில் இவருக்குச் சளைத்தவன் அல்ல. ஒளிய நல்ல இடம் எதுவோ, அதையே இருவரும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேமரா ஒயரின் ஓயாத மின் இரைச்சலில் ஏரியலுக்கு நிலையத்தின் பேச்சு காதில் விழவில்லை. ஒயர் தொங்கும் கார்களில் எல்லாம் ரேடியோ ஆனந்தமாகப் பாடிக்கொண்டிருந்த மர்மம் அப்போதுதான் துலங்கியது.

எதிர்ப் பக்கத் தூணுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். கூரைக்குள் ஏரியல் அங்கேயும் குறுக்கே வந்து வரவேற்றது. மணி நாலரை ஆகிவிட்டது. ஐந்துக்கெல்லாம் பாமா தொம்மலூரில் நிற்க வேண்டும்.

“வெளிய விட்டுப் பாருங்கண்ணா.”

“எதை?”

“ஒயரைத்தான்.”

சின்னப்பா தெருவை இருபுறமும் பார்த்தார். டயர் கடை ரவி உள்ளே இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு ஒயரை உருவி, கேமராவிலிருந்து டேஷ்போர்டின் நடுவாக, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டார். பிளக்கைச் செருகினார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியோ யோசித்தது. பிறகு, கன்னட நேரம் முடிந்து, தெளிவான தமிழில் ஓர் அறிவிப்பு: “இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு ‘நானும் என் காரும்’. பேசுபவர், தொம்மலூர் பாமா.”

“அண்ணா! என் பேரு! என் பேரைச் சொல்றாங்க!”

பாமா போட்ட கூச்சலில் பேக்கரியிலிருந்து இருவர் கையில் பப்ஸோடு ஓடிவந்தார்கள். ரவியும் வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்த அவர் முகத்தில் தீபாவளி, கிறிஸ்துமஸ் இரண்டும் சேர்ந்து வந்தன.

“என்னா சின்னப்பா, ஒயர் தொங்குது?”

பாமா காரைக் கிளப்பியதும் ஒயர் இடமும் வலமும் ஊஞ்சலாடியது. “ஒரு நிமிஷம் இரும்மா” என்று சின்னப்பா கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். அவர் பெயரும் கடையின் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அதை ஒயரின் மேல் வைத்து, டேஷ்போர்டின் நட்டநடுவில், நாலு பயணிகளும் படிக்கும்படி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.