மஸ்டாங்கின் மஞ்சள் சோக்குக் குறிகள்

குரோருட்டில் இருக்கும் சந்திரன் அண்ணையின் பழைய மஸ்டாங் காரில், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் தொழிற்சாலைப் பரிசோதகர் அந்தக் காலத்தில் சோக்குக் கட்டியால் எழுதிய மஞ்சள் குறிகள் முற்றாக அழிந்துவிட்டன. இதை உறுதிசெய்தவர், துடைத்தவரேதான்: அண்ணையின் மனைவி ராணி அக்கா.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காரை மீட்டெடுக்க அண்ணை ஆறு வருடம் உழைத்தார். அந்தக் குறிகள்தான் அவருடைய பெரிய அத்தாட்சி. சனிக்கிழமை பழைய கார்ச் சங்கத்தார் பார்க்க வருகிறார்கள்.

இன்று மாலை நான் போனபோது அண்ணை கராஜ் நிலத்தில் இருந்தார்.

“ஊத்தையெண்டு நினைச்சன், தம்பி. ஆக்கள் வருகினம் எண்டு இவர்தானே சொன்னவர்?” என்றார் அக்கா.

“படம் எடுத்து வைக்கேல்லையோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“அது எங்கை ஓடப்போகுது எண்டு இருந்திட்டன். இனி நான் எதைக் காட்டுறது?” அண்ணை தலையை நிமிர்த்தவில்லை.

“லேசிலை போகவுமில்லை,” என்றார் அக்கா, மெதுவாக.

படம் கிடைத்தால், அதைப் பார்த்துக் குறிகளைத் திரும்ப எழுதலாம். சங்கத்தார் அதை ஏற்பார்களா என்பது சனிக்கிழமைதான் தெரியும்.

கோடையில் பொனட்டைத் திறந்துவைத்து, அந்தக் காருக்கு முன்னால் நின்று படம் எடுத்த அனைவருக்கும்: வெள்ளிக்கிழமைக்குள் தேடிப் பாருங்கள். உங்கள் தலை குறிகளை மறைக்காத படம் ஒன்றாவது வேண்டும்.