ஊருக்குள் கால் ஊன்றாத மச்சான்

போடிக்கு ரயில் வராத காலம் அது. ஏலமலையில் அந்த வருசம் குளிர்காய்ச்சல் கண்டு, கூலிக்குப் போன சனமெல்லாம் குரங்கணிக்கு எறங்கி வந்து ஒரு கொட்டகையில் விழுந்து கெடந்துச்சு. என் தம்பியும் அதுல ஒருத்தன். ஊர்க்காரங்க சேர்ந்து கஞ்சி ஊத்தினோம். கஞ்சி குடிச்சா காய்ச்சல் போகுமா? தபாலாபீஸில் அந்தக் காய்ச்சலுக்குன்னு வித்த கொய்னாப் பொட்டலம் ஒண்ணு பாக்கியில்லாமத் தீர்ந்துபோச்சு. மதுரையில் ஒரு மருந்துக்கடைக்காரர் தர்மமாத் தர்றேன்னு சொல்லியனுப்பினார். மாட்டு வண்டி போய்த் திரும்புறதுக்குள்ள தம்பி இருப்பானோ மாட்டானோ! எங்கிட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு, என் அத்தை மகன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேரும் கெளம்பிட்டோம்.

மச்சானை நம்பிப் போறதுதான் எனக்குப் பிடிக்கல. ஒரு சோலியை ஒழுங்காச் செய்யிற மனுசனா அவர்? மைல்கல்லுக்கெல்லாம் மணியடிச்சுக் கும்பிடு போடுவார். எருமை எதிர்ல வந்தா, "வாங்க மதினி, சௌக்கியமா?"ம்பார். கெளம்பும்போதே செருப்பைக் கழட்டி வீட்டில் வீசிட்டார்.

"போற வழியில எந்த ஊருக்குள்ளயும் நான் கால் ஊன்ற மாட்டேன் மாப்ளே. தர்மத்துக்குப் போறோம். நடுவுல கால் ஊன்றுனா புண்ணியமெல்லாம் உள்ளங்கால் வழியா ஒழுகிப்போயிரும். ஊன்றாத காலுக்குச் செருப்பு எதுக்கு?"

"ராத்திரி எங்கய்யா படுப்பே?"

"படுத்தா கால் எங்க ஊன்றுது?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அங்க தம்பி உசுருக்குப் போராடுறான், இங்க இவருக்கு வெளையாட்டு. தண்ணிப்பந்தலில் நான் எறங்கி மோர் குடிச்சா, இவர் சைக்கிளில் இருந்தபடியே ஒரு கையால பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டு மறு கையை நீட்டுவார். உசிலம்பட்டியில் பிடி நழுவி வைக்கோல் போரில் விழுந்தார். "வைக்கோல் கணக்குல சேராது"ன்னு சொல்லிக்கிட்டே அதுமேல நின்னு திரும்ப ஏறிக்கிட்டார். சிரிப்பு வரல எனக்கு. வேகமா மிதிச்சேன்.

மதுரையில் மருந்து கெடைச்சுது. பொட்டலங்களைத் துண்டில் முடிஞ்சு என் முதுகில் கட்டிக்கிட்டேன். இவர்கிட்டக் கொடுக்க மனசு வரல. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி ஒரு ஊர். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. கெணத்தடியில் ஒரு பொம்பளை தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தா. நான் சைக்கிளைச் சாய்ச்சுட்டுப் போய்க் குனிஞ்சு கை ஏந்தினேன். மச்சான் சைக்கிளில் இருந்தபடியே, மாடு அவுத்து நிறுத்தியிருந்த ஒரு வண்டியோட சக்கரத்தில் காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, "ஆத்தா, இங்கிட்டும் ஒரு சொம்பு"ன்னார்.

அப்பத்தான் அம்மன் கோயிலில் கொட்டுச் சத்தமும் குலவையும் கேட்டுச்சு. நான் வாயைத் துடைச்சுக்கிட்டு சைக்கிளை எடுத்தேன். நாலு பேர் வந்து மறிச்சுட்டாங்க.

"காப்புக் கட்டியாச்சு அப்பு. இந்நேரம் ஊர் மண்ணில் நின்னவுக யாரும் திருவிழா முடியாம எல்லை தாண்டப்படாது" என்றார் நாட்டாமை.

"நான் வழிப்போக்கன்யா! தம்பி சாகக் கெடக்கான். மருந்து கொண்டு போறேன்!"

"போன வருசம் இப்படித்தான் ஒருத்தனைப் போக விட்டோம். அப்புறம் அம்மை போட்டு எம்பேத்தி ரெண்டும் போயிருச்சு. உங்க தம்பி உங்களுக்குப் பெருசு, எங்க புள்ளைக எங்களுக்குப் பெருசு."

கத்தினேன், கையெடுத்துக் கும்பிட்டேன், அழுதேன். ஒருத்தரும் அசையல. அந்தாளு கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு.

அப்பத் தண்ணி எறைச்ச பொம்பளை முன்னால வந்தா. "அந்தா இருக்காரே, அவரு ஊரு மண்ணை மிதிக்கவே இல்லையே! சொம்பை எட்டி எட்டி நீட்டி என் கையே வலிக்குது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மச்சான் சக்கரத்து மேல காலை வச்சு, அப்பவும் பல்லைக் காட்டிக்கிட்டிருந்தார். ஊர்க்காரங்க குசுகுசுன்னு பேசினாங்க. நாட்டாமை அவர் உள்ளங்காலைக் குனிஞ்சு பார்த்தார். "போகட்டும்"ன்னுட்டார்.

முதுகில் இருந்த முடிச்சை அவிழ்த்து மச்சான் முதுகில் கட்டிவிட்டேன். உலகத்தில் எவனை நம்பக்கூடாதுன்னு நெனைச்சேனோ, அவன் கையில் என் தம்பி உசுரு. "மச்சான், மைல்கல்லுக்குக் கும்பிடு போட நிக்காதய்யா. வெரசாப் போய்யா" என்றேன். முதல் தடவையா மணிகூட அடிக்காமப் போனார்.

திருவிழா முடியும்வரை நான் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன், உள்ள எறங்கல. பூக்குழி எறங்கினாங்க, முளைப்பாரி எடுத்தாங்க, எனக்கு ஒண்ணும் கண்ணில் படல. சாவுச்சேதி வருமோன்னு பாதையையே பார்த்துக்கிட்டிருந்தேன். நல்ல சேதியும் வரல, கெட்ட சேதியும் வரல. காப்பு அவிழ்த்த மறுகணம் கெளம்பினேன். போடியில்கூட நிக்கல. நேரா குரங்கணிக்கு மிதிச்சேன்.

கொட்டகை வாசலில் மச்சானோட சைக்கிள் கெடந்துச்சு. முன்சக்கரத்து டயர் கிழிஞ்சு தொங்குச்சு. உள்ள ஓடினேன். தம்பி சுவத்தில் சாய்ஞ்சு உக்கார்ந்து கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தான். எலும்பும் தோலுமா இருந்தான். இருந்தான்! "அண்ணே"ன்னான்.

பக்கத்துப் பாயில் மச்சான் படுத்திருந்தார். ரெண்டு காலிலும் வாழையிலை சுத்தியிருந்துச்சு. நான் மெல்ல விலக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் தோலே இல்லை.

தம்பிதான் சொன்னான். அந்த ஊர் எல்லையைத் தாண்டினதுமே டயர் வெடிச்சிருச்சாம். அங்கேயிருந்து குரங்கணி வரைக்கும் சரளைக்கல் ரோட்டில், சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, செருப்பில்லாத காலோட, எங்கேயும் உக்காராம ஓட்டமும் நடையுமா வந்திருக்கார்.

"வண்டி ஒண்ணைப் பிடிச்சிருக்கக்கூடாதாய்யா?" என்றேன்.

"மாடு நின்னு நின்னுல்ல போகும்! நீதான வெரசாப் போகச் சொன்னே." அப்புறம் காலைப் பார்த்துக்கிட்டு, "வழி நெடுக ஊன்றிட்டேன் மாப்ளே. புண்ணியமெல்லாம் ஒழுகிப்போச்சு" என்று சிரிச்சார்.

நான் அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்.